வலது மூலை என்ன நிறம்?

கல்யாணத்துக்குப் பிறகு எந்த ஊரில் குடியிருப்பது என்பதை நாங்கள் ஒரு செஸ் ஆட்டத்தின் முடிவுக்கு விட்டுவிட்டோம் என்றால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், எனக்கென்ன.

நிச்சயதார்த்தம் நாமக்கல்லில் எங்கள் வீட்டில். பெரியவர்கள் உள்ளே மண்டபத்துக்கும் முகூர்த்தத்துக்கும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் அவரும் நழுவி, பக்கத்தில் என் மாமா நடத்தும் லாரி பாடி கட்டும் பட்டறைக்குப் போய்விட்டோம். அங்கே ஒரு நீள பெஞ்சின் மேலேயே செஸ் கட்டம் வரைந்திருக்கும். லாரிக்குப் பெயிண்ட் அடிப்பவர் மாமாவுக்காக வரைந்து கொடுத்தது.

எனக்குக் கோழித் தீவனம் பரிசோதிக்கும் லேபில் வேலை. அவருக்குச் சேலத்தில் லேத் பட்டறை. சேலம் என்றால் நான் வேலையை விட வேண்டும். அவருடைய அம்மா அதை ஜாடையாக இரண்டு தடவை சொல்லியும் ஆயிற்று. நாமக்கல் என்றால் அவர் எங்கள் வீட்டோடு மாப்பிள்ளை.

"நான் ஜெயிச்சா சேலம், நீங்க ஜெயிச்சா நாமக்கல்லுங்க" என்றார், காய்களை அடுக்கிக்கொண்டே.

"டிரா ஆனா?"

"நடுவுல ராசிபுரமுங்க."

இரண்டு பேரும் சிரித்தோம். ராசிபுரத்தில் எங்களுக்கு ஒரு ஈ காக்கையைக்கூடத் தெரியாது.

நான் வெள்ளை. கடைசியில் அவரிடம் ராஜா மட்டும்தான் மிச்சம். என்னிடம் ராஜா, என் வலது ஓரத்தில் ஒரு சிப்பாய், கறுப்புக் கட்டத்திலேயே குறுக்கும் நெடுக்கும் போகும் ஒரு பிஷப். மனசுக்குள் நான் லேபில் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது பார்த்து மாமா வந்தார்.

"சாமி, எந்திரிங்க, எலை போடோணும். பந்திக்கு பெஞ்சு பத்தல."

சொன்ன கையோடு காய்களை ஒரேயடியாக வழித்து டப்பாவில் போட்டார். நான் போட்ட சத்தத்தில் உள்ளே முகூர்த்தப் பேச்சே நின்றுவிட்டது.

மறுநாள் லேபில் டீ நேரத்தில், நினைவிலிருந்ததை அப்படியே போனில் இருந்த, யார் ஜெயிப்பார் என்று கணித்துச் சொல்லும் செஸ் என்ஜினில் அடுக்கினேன். வெள்ளைக்கு வெற்றி என்றது. போதாதென்று, ஏழு காய் வரை எல்லா நிலைகளுக்கும் முடிவு கணக்கிட்டு வைத்திருக்கும் ஒரு இணையதளத்திலும் போட்டேன். அதுவும் வெற்றி என்றது. படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் அவரும் ஒரு படம் அனுப்பினார். அதே தளம், அதே நாலு காய், டிரா!

விஷயம் இதுதான். ஓரச் சிப்பாய் ராணியாகப் போகும் மூலைக் கட்டமும் பிஷப் நடக்கும் நிறமும் ஒன்றாக இருந்தால் வெற்றி. வேறாக இருந்தால் எதிராளியின் ராஜா அந்த மூலையில் போய் உட்கார்ந்துகொள்வார், பிஷப்பால் அவரைக் கிளப்பவே முடியாது.

"மூலை வெள்ளைங்க. என் ராஜா அதுக்குப் பக்கத்துலதான நின்னுச்சு" என்றார் போனில்.

"என் வலப்பக்கத்து மூலைங்க அது. போன்ல பாருங்க, கறுப்பு."

"அப்ப சிப்பாய் உங்களுக்கு இடப்பக்கம் இருந்திருக்கும்."

எனக்கு ஏறியது பாருங்கள் கோபம்! சோற்றுக் கை எது, பீச்சாங்கை எது என்று தெரியாதவளா நான்? ஒரு வாரம் இதே சண்டை. அவர் வேறொரு என்ஜினைக் கொண்டுவருவார், நான் இன்னொன்றைக் கொண்டுவருவேன். நான் போட்டது எல்லாவற்றிலும் நான் ஜெயித்தேன், அவர் போட்டது எல்லாவற்றிலும் டிரா. சண்டை போட்டுக்கொண்டே தினம் ஒரு மணி நேரம் பேசினோம். போனை வைத்ததும் காரணமே இல்லாமல் சிரிப்பு வரும். தீவன மூட்டைக்குத் தவறான சீட்டு ஒட்டித் திட்டும் வாங்கினேன்.

எட்டாம் நாள் மத்தியானம் சித்தி மகள் நிச்சயதார்த்தப் படங்களை அனுப்பினாள். ஒன்றில் அவள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க, பின்னால் எங்கள் பெஞ்ச். பெரிதாக்கிப் பார்த்தேன். உலகத்துச் செஸ் பலகைகளில் எல்லாம் ஆடுகிறவருக்குக் கிட்டத்தில் இருக்கும் வலது கை மூலைக் கட்டம் வெள்ளை. எங்கள் பெஞ்சில் கறுப்பு! லாரி பெயிண்டர் திறந்திருந்த டப்பாவிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். பெஞ்ச் முழுக்க நிறம் மாறியிருந்தது. சிப்பாய் வலப்பக்கம்தான், அது போய்ச் சேரும் மறுகோடி மூலையும் வெள்ளைதான். இரண்டு பேரும் சொன்னது சரி. ஆட்டம் மட்டும் டிரா.

படத்தை அழித்துவிடலாமா என்று தயிர்ச்சோறு முடிகிற வரை யோசித்தேன். அழித்தால் நாமக்கல், என் வேலை, என் அம்மாவின் சமையல். கையைக் கழுவிவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

"டிராதானுங்க. பெஞ்சே தப்பு."

முழுக்கச் சொல்லி முடித்தேன்.

"ஏனுங்க, ராசிபுரத்துல ஒரு ஊடு பாத்து வெச்சிருக்கறனுங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம். ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டு வந்துக்கலாம்."

"எப்பப் பாத்தீங்க?"

"நிச்சயத்துக்கு முந்துன வாரம்."

ஆட்டத்துக்கே முன்னால்! அப்போதுதான் உறைத்தது. ஒரு வாரச் சண்டையில் இந்த மனுஷர் ஒரு தடவைகூடச் சேலம் என்று வாயைத் திறக்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தை மறைக்கக் கத்தினேன்.

"அப்ப எனக்கு உட்டுக்குடுத்தா ஆடுனீங்க?"

"உட்டுக்குடுக்கறதா? டிரா பண்றதுக்கே உசுரு போயிருச்சுங்க!"

அந்த பெஞ்ச் இப்போது ராசிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கிடக்கிறது, மாமா எங்களுக்குக் கொடுத்த கல்யாணச் சீர். பெயிண்டரை அனுப்பிக் கட்டத்தைச் சரிபண்ணித் தருகிறேன் என்று போன மாதம் மாமா சொன்னார்.

"யாராச்சும் அதுல கை வெச்சா, அப்புறம் தெரியும் சேதி" என்றேன்.