கப்பலுக்கும் கட்சிக்கும் நானூறு நாற்காலி

நாற்காலிக்காரர் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வாசலில் நின்றுதான் படித்தார். ஆனால் துறைமுகத் தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இந்த ஊரில் கல்யாணத்துக்கோ கூட்டத்துக்கோ உட்கார்ந்த ஒவ்வொருவரும் அவர் புண்ணியத்தில்தான் உட்கார்ந்தார்கள். மூட்டை தூக்கிக்கொண்டிருந்த மனிதர், சினிமாக் கொட்டகையில் கழித்துப்போட்ட பன்னிரண்டு நாற்காலிகளைக் கேட்டு வாங்கி, ஆணி அடித்து வாடகைக்கு விட ஆரம்பித்தார். இன்றைக்கு நானூறு. ஒன்றுகூட ஆடாது. பட்டம் வாங்கியவர்களில் எத்தனை பேரால் நானூறு பேரை உட்கார வைக்க முடியும்?

அவர் கடையில் ‘இல்லை’ என்ற சொல்லே கிடையாது. எழுதி வைக்கிற வழக்கமும் கிடையாது. யார் வந்து கேட்டாலும் “ஆகட்டும்” என்பார், சுவரில் ஒரு கோடு இழுப்பார். நாற்பது வருடத்தில் ஒரு நாளும் தப்பியதில்லை. தப்பியது அந்த ஒரு வெள்ளிக்கிழமைதான்.

நடுக்கடலில் மூன்று தீவுகள். ஆள் கிடையாது, குடிதண்ணீர் கிடையாது, பறவை எச்சம் மட்டும் தாராளம். அதற்காக நம் நாடும் எதிர்க்கரை நாடும் மல்லுக்கு நின்றன. தேர்தல் நெருங்க நெருங்கத் தீவும் பெரிதாகிக்கொண்டே போனது. இரண்டு பக்கத்து மந்திரிகளும் டிவியில் கத்தினார்கள். எதிர்க்கரையிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த சுற்றுலாக் கப்பல் அடியோடு நின்றது. ஏழு மாதம். வேன்காரர்கள் கொட்டாவி விட்டார்கள். நாற்காலிக்காரரின் மகள் துறைமுக வாசலில் தொப்பிக் கடை வைத்திருந்தாள். தொப்பிகளுக்குத் தூசி தட்டுவதே அவளுக்கு முழுநேர வேலையாகிவிட்டது.

“இன்னும் ஒரு மாசம் பாக்கறேன்ப்பா. கப்பல் வரலேன்னா கடையை மூடிட்டு, அவரு வேலை பாக்கற ஊருக்கே போயிடறேன்” என்றாள். பேத்தியும் கூடப் போய்விடுவாள் என்பதை அவள் சொல்லவில்லை. அவருக்குத்தான் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அந்த வாரமே கப்பல் கம்பெனி ஏஜென்ட் அம்மாள் போன் செய்தாள். “ஐயா, வெள்ளிக்கிழமை கப்பல் வருது. சோதனைக்கு ஒரே ஒரு நடைதான். எல்லாரும் வயசானவங்க. வேன் வர்ற வரைக்கும் நிழல்ல உக்காரணும். நானூறு நாற்காலி வேணும். அவங்க முகம் சுளிச்சா அடுத்த கப்பல் கிடையாது.”

“ஆகட்டும்மா.” கோடு இழுத்தார்.

மறுநாள் எதிர்க்கட்சியின் ஊர்ச் செயலாளர் வந்தார். “அண்ணே, கப்பல் வர்ற அன்னிக்கு, துறைமுகத்துல, நானூறு நாற்காலி. பந்தல் நாங்க போட்டுக்கறோம். தலைவர் பேசறாரு.”

“ஆகட்டும் தம்பி.” இந்தத் தடவை கோடு இழுக்கவில்லை. அதே நாள், அதே இடம், அதே நானூறு. அம்மாள் நாற்காலி சொல்லிவிட்டாள், கட்சி பந்தல் போட்டு வரவேற்கிறது, எல்லாம் ஒரே விசேஷம் என்று கணக்குப் போட்டுக்கொண்டார். கெட்டிக்காரன் தப்பு செய்தாலும் அதில் ஒரு நியாயம் இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை நாற்காலிகளோடு போய் இறங்கினால், பந்தல் முகப்பில் இந்த நீளத்துக்கு ஒரு பேனர். அவருக்குப் பெரிய எழுத்து கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும். கூட வந்திருந்த மனைவி படித்துச் சொன்னாள்: “தீவைக் கொடு, கப்பலைத் திருப்பு. ஏங்க, இது வரவேற்பு மாதிரியா இருக்கு?”

அதற்குள் இந்தப் பக்கம் ஏஜென்ட் அம்மாள், அந்தப் பக்கம் செயலாளர். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

“நாற்காலி என்னுது ஐயா! நான்தான் முதல்ல சொன்னேன்.”

“பந்தல் எங்களுது! அதுக்குள்ள இருக்கற நாற்காலியும் எங்களுதுதான்.”

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “தீவுக்கு அடிச்சுக்கறாங்கன்னு நேத்து சிரிச்சீங்களே. இப்ப உங்க நாற்காலிக்கு அடிச்சுக்கறாங்க.”

அவர் பந்தலை ஒரு தடவை கண்ணால் அளந்தார். நாற்பது ஆட்கள்தான் இருந்தார்கள்.

“உங்க கூட்டம் எங்க தம்பி?”

செயலாளர் குரல் இறங்கியது. “எல்லாரும் வேன் ஓட்டப் போயிட்டாங்கண்ணே. ஏழு மாசம் கழிச்சுக் கப்பல் வருது, கடையை விட்டு வர மாட்டேங்கறாங்க. என் பொண்டாட்டியே அங்க குடை வித்துட்டிருக்கா. இன்னும் பத்து நிமிஷத்துல தலைவர் வந்துடுவாரு, என் கதை முடிஞ்சுது.”

கப்பலிலிருந்து ஏணி இறங்கிவிட்டது.

“உங்ககிட்ட ஆள் இல்ல. அம்மாகிட்ட நிழல் இல்ல. ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடிட்டு நில்லுங்க” என்றார் நாற்காலிக்காரர். நேரே போய் ஏணிக்குக் கீழே நின்று, இறங்கியவர்களை எல்லாம் கைகாட்டிப் பந்தலுக்குள் அனுப்பினார். நம் பாஷை அவர்களுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. நிழலைக் கண்டதும் “அப்பாடா” என்று சாய்ந்தார்கள்.

தலைவர் வந்தார். நானூறு தலைகளைப் பார்த்ததும் அவர் மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. மைக்கைப் பிடித்து, எதிர்க்கரை நாட்டைக் கிழி கிழி என்று கிழித்தார். அவர் மூச்சு வாங்கின இடமெல்லாம் கைதட்டல். முன்வரிசைப் பெண் ஒருத்தி என்ன சொல்கிறார் என்று ஏஜென்ட் அம்மாளிடம் கேட்டாள். “நீங்க வந்ததைப் பத்தித்தான் பேசறார்” என்றாள் அம்மாள், வியர்வையைத் துடைத்துக்கொண்டே. அதில் பொய் ஒன்றும் இல்லை.

கடைசியில் தலைவர் மேஜையைக் குத்தி, முஷ்டியை உயர்த்தி முழங்கினார். முன்வரிசையில் ஒரு நெட்டைக் கிழவர் எழுந்தார். நாற்காலிக்காரர் மேடைப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார். பேச்சு புரிந்துவிட்டதோ? போச்சு, கப்பலும் போச்சு, பேத்தியும் போச்சு. கிழவர் விறுவிறுவென்று மேடை ஏறி, உயர்ந்து நின்ற அந்த முஷ்டியை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். நானூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். முப்பது வருட அரசியலில் தலைவருக்கு யாரும் எழுந்து நின்று கைதட்டியது கிடையாது. கைக்குட்டையைத் தேடினார்.

மத்தியானத்துக்குள் மகள் கடையில் ஒரு தொப்பி மிச்சமில்லை.

திங்கட்கிழமை ஏஜென்ட் அம்மாள் போன் செய்தாள். “ஐயா, கப்பல் நின்ன ஒன்பது துறைமுகத்துல நம்ம வரவேற்புதான் முதல்னு வந்தவங்க எழுதிக் கொடுத்திருக்காங்க. கப்பல் இனிமே பழையபடி வரும். ஆனா ஒண்ணு, அந்த உணர்ச்சிக்காரரும் ஒவ்வொரு தடவையும் வரணுமாம்.”

நாற்காலிக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே கட்சி அலுவலகத்துக்கு நடந்தார். “என்ன தம்பி, போராட்டம் முடிஞ்சுதா?”

“முடியறதாவது! இப்படி ஒரு கூட்டத்தைப் பாத்ததே இல்லைன்னு தலைவர் இன்னும் சொல்லிட்டே இருக்காரு. தீவு கிடைக்கற வரைக்கும் விடமாட்டாராம்.”

“ரொம்ப நல்லது. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை வெச்சுக்குங்க. நாற்காலி நம்ம பொறுப்பு, ஆளும் நம்ம பொறுப்பு” என்றவர், வாசல்வரை போய்த் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “அந்தத் தீவு மட்டும் சீக்கிரம் கிடைச்சுடாமப் பாத்துக்குங்க தம்பி.”