என் நாக்குக்கு வந்த நோய்

எட்டு வயதில் எனக்குப் பெரிய நோய் ஒன்று வந்தது. வந்தது என்று எல்லாரும் நம்பினார்கள் என்று சொல்வதுதான் சரி. அதற்காக இரத்தம் எடுத்தார்கள், தலை முழுக்கப் பசை தடவி ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டார்கள், ஊருக்கு டிக்கெட் எடுக்கிற வரைக்கும் போனார்கள். கடைசியில் பார்த்தால், அது நோயே இல்லை. செக் மொழி.

அப்போது நாங்கள் ராஸ் அல் கைமாவில் இருந்தோம். அப்பா ஒரு சிமெண்ட் ஃபாக்டரியில் மெக்கானிக். அம்மா டவுன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மலையடிவாரத்தில் கம்பெனி குவார்ட்டர்ஸ். ஒரே மாதிரி வீடுகள் ஒரே வரிசையில் நிற்கும். வேப்பமரத்து இலைகூட வெள்ளையாகத்தான் இருக்கும். காலையில் துடைத்த ஜன்னலைச் சாயங்காலம் மறுபடி துடைக்கவேண்டும். அந்த வருடம் ஃபாக்டரியில் புதுச் சூளை போட்டார்கள். சூளைக்கு வேண்டிய இயந்திரம் செக் நாட்டிலிருந்து வந்தது. அதை மாட்டிக்கொடுக்க அங்கிருந்தே ஒரு இன்ஜினியரும் வந்தார். கூடவே அவருடைய மனைவி, என்னைவிட ஒரு வயது சிறிய மகள் ஹனா. வரிசையின் கடைசி வீடு அவர்களுக்கு.

இன்ஜினியர் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையை ஆங்கிலமாகப் படித்துவிட்டு ஃபாக்டரியில் எல்லாரும் அவரை ‘ஜிரி சார்’ என்றார்கள். அங்கே வேலை பார்த்த பட்டாணியர்கள் ‘ஜிரி பாய்’ என்றார்கள். மனிதர் எல்லாவற்றுக்கும் திரும்பிப் பார்த்தார். உண்மையில் அந்தப் பெயரில் ‘ஜி’யும் கிடையாது, ‘ரி’யும் கிடையாது. முதலெழுத்து ‘யி’. இரண்டாவது எழுத்துதான் எங்கள் குடும்பத்தையே ஆட்டிவைத்தது. நாக்கு நுனியில் ரகரம் உருளவேண்டும். உருளும்போதே ஜகரமும் ஷகரமும் கலந்த மாதிரி ஒரு சீறல் அதோடு சேர்ந்து வரவேண்டும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று வந்தால் அது கணக்கில் சேராது. உலகத்தில் தங்கள் நாட்டாரைத் தவிர வேறு யாருக்கும் இது வராது என்று ஹனாவின் அம்மா பெருமையாகச் சொல்வார். நம் ஆட்கள் ழகரத்தை வைத்துக்கொண்டு அடிக்கிற அதே தம்பட்டம்தான்.

வேடிக்கை என்னவென்றால், அந்த எழுத்து ஹனாவுக்கே வரவில்லை. அந்த ஊரில் இது சகஜமாம். எல்லாக் குழந்தைக்கும் கடைசியாக வாயில் வந்து சேரும் எழுத்து அதுதானாம். பள்ளிக்கூடம் சேரும் முன் எப்படியாவது வரவழைத்துவிட வேண்டும் என்று அங்கே தாய்மார்கள் பாடாய்ப் படுவார்களாம். ஹனாவுக்கு ரகரம் மட்டும் சுத்தமாக வரும், அதோடு அந்தச் சீறல் சேராது. சொந்த அப்பாவின் பெயரை அவளால் சொல்ல முடியாது. அப்பாவின் பிறந்தநாளைக்குள் கற்றுக்கொண்டு, கேக் வெட்டும்போது அவர் முகத்துக்கு நேராக அந்தப் பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்று அம்மாவும் மகளும் ரகசியமாகத் திட்டம் போட்டிருந்தார்கள். என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் ஹனா இதைச் சொன்னாள். அப்பாவிடம் சொல்லக்கூடாது என்றாள். எந்த அப்பாவிடமும் சொல்லக்கூடாது என்று நான் எடுத்துக்கொண்டேன். என் அம்மா அப்பாவிடம் எதையும் மறைக்கமாட்டார் என்பதால் அம்மாவிடமும் சொல்லவில்லை.

ஸ்கூல் வேன் இறக்கிவிட்டதும் ஹனா வீட்டு வாசற்படிக்கு ஓடிவிடுவேன். அங்கே பயிற்சி நடக்கும். மேல் உதட்டில் ஜாம் தடவி அதை நாக்கால் சுற்றிச் சுற்றி நக்கவேண்டும். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சொடக்குப் போடவேண்டும், குதிரை ஓடுகிற சத்தம் வரவேண்டும். உதட்டைச் சேர்த்து வைத்து ‘ப்ர்ர்ர்’ என்று ஊதவேண்டும். கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கண் கொட்டாமல் வாயையே பார்க்கவேண்டும். பிறகு உயிரெழுத்தே இல்லாத ஒரு வாக்கியம்: ஸ்ட்ர்ச் ப்ர்ஸ்ட் ஸ்க்ர்ஸ் க்ர்க். ஒரு அகரம், இகரம் கிடையாது. கல்லும் கல்லும் உரசுகிற மாதிரி இருக்கும். எனக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி வந்தது. ஜாமுக்காகப் போனவள்தான் நான், மறைக்க என்ன இருக்கிறது.

போகப் போக அந்த மொழியில் பல சங்கதிகள் பிடிபட்டன. எந்தச் சொல்லானாலும் முதல் எழுத்தின் தலையில் ஒரு குட்டு வைக்கவேண்டும். குறிலும் நெடிலும் நம்மைப் போலவே கறாராக உண்டு. எழுத்துக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று என்ற வழக்கமும் உண்டு. பால் புத்தகத்தில் ‘ம்லேகோ’, அடுப்படியில் ‘ம்லீகோ’. ஹனாவின் அம்மா போனில் பெரிய மனிதர்களிடம் பேசும்போது ஒரு மாதிரியும், எங்களை அதட்டும்போது இன்னொரு மாதிரியும் பேசுவார். எங்கள் வீட்டில் அப்பா ஜெபம் சொல்லும்போது ஒரு தமிழும் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போது ஒரு தமிழும் பேசுகிறாரே, அது மாதிரி என்று எனக்குத் தோன்றியது.

வினை எங்கே வந்தது என்றால், என் நாக்கு டியூட்டி முடிந்தும் ரூமுக்குப் போக மறுத்தது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பார்த்தபடி உதட்டைச் சுற்றி நக்கினேன். டிவி பார்க்கும்போது சொடக்குப் போட்டேன். தூக்கத்தில் ‘ஸ்ட்ர்ச் ப்ர்ஸ்ட்’ என்றேனாம். ‘அம்மா’ என்று கூப்பிடும்போதுகூட அகரத்தின் தலையில் குட்டு விழுந்தது.

வேறு யாராவது அம்மாவாக இருந்தால் முதுகில் ஒன்று வைத்து, வாயைக் கோணிக் கோரணி காட்டாதே என்று சொல்லியிருப்பார். என் அம்மா நர்ஸ். அதிலும் கொஞ்ச காலம் நரம்பு வார்டில் வேலை பார்த்த நர்ஸ். கீழே விழுந்து கைகால் வெட்டி இழுப்பது மட்டும் வலிப்பு இல்லை. வெறித்துப் பார்ப்பது, உதட்டைச் சப்பிச் சப்பி அசைப்பது, புரியாத வார்த்தையை முணுமுணுப்பது, இதிலேயும் ஒரு வகை உண்டு என்று அவருக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் எல்லாரும் நிம்மதியாகத் தூங்கியிருப்போம்.

குழந்தைகள் டாக்டர் ஒரு எகிப்துக்காரர், சாந்தமான மனிதர். வாய் அப்படி அசைவதற்கு முன் உனக்கு ஏதாவது தெரியுமா என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். நாக்கு நுனி கூசும் என்றேன். டாக்டர் அம்மாவைப் பார்த்தார். நீயாகச் செய்கிறாயா, தானாக வருகிறதா என்று கேட்டார். முதலில் நானாகச் செய்தேன், இப்போது தானாக வருகிறது என்றேன். ஒரு வார்த்தை பொய் கிடையாது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஒயர் ஒட்டி எடுத்த படத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் படத்தில் ஒன்றும் தெரியாமலே இந்த வியாதி இருக்கலாம் என்பதும் அம்மாவுக்குத் தெரியும். திருவனந்தபுரத்தில் பெரிய டாக்டர்களிடம் காட்டவேண்டும், மருந்து வருடக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும், இந்த வெயிலும் சிமெண்ட் தூசியும் பிள்ளைக்கு ஆகாது என்று பேச்சு வளர்ந்தது. நான் வந்தால் நின்றுவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் அப்பா ஊருக்குப் போன் போட்டார். அத்தையின் குரல் அறை முழுக்கக் கேட்டது. “பிள்ளைய இங்க கொண்டு விடுங்க அண்ணே, நான் பாத்துக்கிடுதேன்” என்றார் அத்தை. “செரி, அவ அங்கயே படிக்கட்டும்” என்றார் அப்பா. நாகர்கோவிலில் ஒரு கான்வென்ட்டின் பெயர் அடிபட்டது.

கல்ஃபில் பிள்ளைகளை ஊருக்கு அனுப்புவது புதிது இல்லை. என் வகுப்பிலிருந்தே அப்படிப் போனவர்கள் உண்டு. லீவில் அப்பா அம்மா வந்து பார்ப்பார்கள், சாக்லேட் கொடுப்பார்கள், திரும்பிப் போவார்கள். என்னையும் அப்படி விட்டுவிடப் போகிறார்கள். அந்த எழுத்துதான் என் நாக்கைக் கெடுத்துவிட்டது, எனக்கு நிஜமாகவே வியாதி வந்துவிட்டது என்று நானும் நம்பினேன். சொன்னால் சத்தியம் போய்விடும், சொல்லாவிட்டால் வீடு போய்விடும். அழுகை வந்தால் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன். அம்மாவோடு பேசுவதை நிறுத்தினேன். அம்மாவும் என் முகத்தைப் பார்க்காமலே என் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தார்.

கிளம்புவதற்குச் சில நாள் முன்பு, மத்தியானம் டியூட்டி முடிந்து அம்மா ஆஸ்பத்திரி பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தார். கடைசி வீட்டு வாசற்படியில் ஹனா தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் அங்கே போவதை நிறுத்திவிட்டதால் தனியாகவே பயிற்சி செய்துகொண்டிருந்தாள். கண் எங்கேயோ நிலைகுத்தி நிற்கிறது. நாக்கு உதட்டைச் சுற்றுகிறது. வாய் என்னவோ முணுமுணுக்கிறது. உதட்டிலிருந்த ஜாம் துளியை அம்மா கவனிக்கவில்லை.

எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். குழந்தையின் தாடையைப் பிடித்தார், கண்ணைத் திறந்து பார்த்தார், நாடி பிடித்தார். ஹனா பயந்துபோய்க் கத்தினாள். உள்ளேயிருந்து அவள் அம்மா ஓடிவந்தார். நானும் ஓடினேன்.

“மேடம், யுவர் பேபி ஆல்ஸோ” என்றார் அம்மா. என்னைக் காட்டினார், ஹனாவைக் காட்டினார், தன் வாயைக் காட்டினார். கண்ணீர் மாலை மாலையாக வழிந்தது. தன் பிள்ளைக்கு வந்தது ஊரான் பிள்ளைக்கும் தொற்றிவிட்டதே என்று அந்த நிமிடத்தில் அம்மா நினைத்திருக்கிறார். அப்படித் தொற்றாது என்று அவருக்குத் தெரியாதா? படித்த படிப்பெல்லாம் அந்த வாசலில் பறந்துபோய்விட்டது.

ஹனாவின் அம்மாவுக்கு ஆங்கிலம் அரைகுறை. கொஞ்ச நேரம் திருதிருவென்று விழித்தார். அம்மா மறுபடி நாக்கைச் சுழற்றிக் காட்டியதும் அவருக்குப் பிடிபட்டது. சிரிக்கவில்லை. உள்ளே போய் ஜாம் பாட்டிலையும் கண்ணாடியையும் எடுத்து வந்து எங்கள் இரண்டு பேர் உதட்டிலும் தடவினார். செய்யுங்கள் என்றார். நக்கினோம், சொடக்குப் போட்டோம், ஊதினோம். உயிரெழுத்தில்லாத வாக்கியத்தைச் சேர்ந்து சொன்னோம். கடைசியில் அந்தப் பெயரைச் சொல்லச் சொல்லி என்னைப் பார்த்தார். சொன்னேன். ரகரமும் சீறலும் ஒன்றாக, சுத்தமாக வந்தது.

“செக்” என்றார் அவர், தன் நெஞ்சைத் தொட்டு. “ஒன்லி செக், சிஸ்டர். நோ ப்ராப்ளம்.”

அம்மா அந்த வாசற்படியிலேயே யூனிஃபார்மோடு உட்கார்ந்துவிட்டார். “இம்புட்டுதானா?” என்று என்னிடம் தமிழில் கேட்டார். நான் தலையாட்டினேன். முதுகில் பளீரென்று ஒன்று விழுந்தது, விழுந்த சூடு ஆறும் முன் இழுத்துக் கட்டிக்கொண்டார். ஹனா வேறு, தனக்கு வராத எழுத்து எனக்கு வந்துவிட்டதே என்று தேம்பித் தேம்பி அழுதாள். அவளையும் என் அம்மாதான் மடியில் போட்டுக்கொண்டார். இரண்டு அம்மாக்களும் ஆளுக்கொரு பாஷையில் சமாதானம் சொன்னார்கள்.

“அப்போ நான் அத்தை வீட்டுக்குப் போகவேண்டாமா?” என்று கேட்டேன்.

“யாரும் எங்கயும் போகல மக்ளே. கலாஸ், எல்லாம் முடிஞ்சிது” என்றார் அம்மா.

அன்று சாயங்காலம் அப்பா விஷயத்தைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டிக்கெட்டைத் திருப்பினால் பிடித்துக்கொள்கிற காசைச் சொல்லி ஒரு முறை முனகினார், மறுபடி சிரித்தார். நான் அன்று இரண்டு இட்லி கூடவே சாப்பிட்டேன். மறுநாள் காலை அம்மா வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பிவிட்டார். சந்தோஷத்தில் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சந்தோஷம்தான். ஆனாலும் நோய் என்றதும் என்னைத் தூக்கி அனுப்பத் துணிந்துவிட்டாரே என்று ஒரு முள் எனக்குள் வெகுகாலம் கிடந்தது. சண்டை வரும்போதெல்லாம் அதை எடுத்துக் குத்துவேன். அம்மா எழுந்து போய் அரிசி களைவார். எனக்குக் கல்யாணம் ஆகி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேலையை விடலாமா என்று குழம்பிக்கொண்டிருந்தபோதுதான் அப்பா பேச்சுவாக்கில் சொன்னார்: “ஒங்கம்மை ஒருக்க விட்டால்லா. ஒனக்கு வலிப்புன்னு நெனச்சு, ஒன்கூட ஊர்ல வந்து இருக்கதுக்கு. மேட்ரன்ட்ட சொல்லியாச்சு, அந்த எடத்துக்கு வேற ஆளும் பாத்தாச்சு. பொறவு காலைல போயி கெஞ்சில்லா வாங்கினா.” எடுத்த டிக்கெட் இரண்டு பேருக்கு. அம்மாவுக்கும் எனக்கும். இரண்டுமே திரும்பி வருவதற்கானவை அல்ல.

தன் வேலையைத் தனக்கே தரும்படி கேட்கத்தான் அம்மா அன்று அவ்வளவு சீக்கிரம் ஓடியிருக்கிறார். கிடைத்துவிட்டது. அன்று டியூட்டி முடிந்து வந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் என் முன்னால் தரையில் உட்கார்ந்து, அந்த எழுத்தைச் சொல்லிக் காட்டச் சொன்னார். சொன்னேன். அவரும் சொல்லிப் பார்த்தார், எச்சில்தான் தெறித்தது. மறுபடி சொன்னார், மறுபடி தெறித்தது. கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். எனக்கு வருகிற எழுத்து தனக்கு வரவில்லை என்றுதான் அப்படிச் சிரிக்கிறார் என்று நினைத்து, நாக்கை எங்கே வைக்கவேண்டும் என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.