கப்பலிலிருந்து அண்ணன் இறங்கிய மத்தியானம்

பேட்டையில் இரண்டு லேத் பட்டறை, ஆழ்வார்குறிச்சியில் நஞ்சை வயல், நான்கு பிள்ளைகளின் கல்யாணம். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் ஒற்றை ஆளாக நின்று உண்டாக்கியவை இவை. யாரும் கைகொடுக்கவில்லை. அண்ணன் மட்டும் கடிதம் போட்டார்.

முக்கூடலில் பிறந்த அண்ணன், ஒரு நாசகாரிப் போர்க்கப்பல் முதன்முதலாகக் கொடியேற்றிய அன்றே அதன் இன்ஜின் அறையில் நின்றவர். புயல் அடித்த தீவுக்கு அந்தக் கப்பல் அரிசியும் தண்ணீரும் கொண்டுபோனது, கடற்கொள்ளையரை விரட்டியது, சண்டை வருமென்ற நாட்களில் விளக்கணைத்துக் காத்துக் கிடந்தது. அண்ணன் கடிதங்களை எழுத்துக்கூட்டி வாசிக்கையில் என் பட்டறையே மெல்ல ஆடி மிதப்பதுபோல் இருக்கும்.

லீவில் வந்தால் கேலிதான்.

"ஏலே, ஒன் பட்டறை இரைச்சலுக்கு எங்க இன்ஜின் ரூம் தேவலை."

"ஒங்க கப்பலும் ஒருநாள் பழைய இரும்பாத்தான் வரும்ணே."

அப்படித்தான் ஆயிற்று. சூரியன் அடைகையில் கொடியை இறக்கினார்களாம். பிறகு உடைக்கக் கொடுத்துவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த அண்ணன் அந்த லீவு முழுக்கப் பட்டறைப் பக்கமே வரவில்லை. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

நோய் முற்றிய கடைசி வாரம், நினைவு தடுமாறியதில் அண்ணன் கட்டில் கடலுக்குப் போய்விட்டது. அண்ணன் மகள் அழுதாள்: "மூணு நாளா அப்பா கண்ணயரல சித்தப்பா. ஊசி போட்டும் கேக்கல. வாட்ச்சு, வாட்ச்சுங்காங்க."

எனக்குப் புரிந்தது. கப்பலில் காவல்முறையை வாட்ச் என்பார்கள். அடுத்த ஆள் வந்து, ஏற்றுக்கொண்டேன் என்று வாயால் சொல்லாமல் இன்ஜினை விட்டு நகரக் கூடாது. அண்ணனுக்கு அடுத்த ஆள் வரவேயில்லை.

அன்று மத்தியானம் அண்ணன் கால்மாட்டில் போய் விறைப்பாக நின்றேன். "வாட்ச்ச நான் ஏத்துக்கிட்டேம்ணே. நீங்க பைய எறங்குங்க."

ஏற இறங்கப் பார்த்தார். "ஒனக்கு இன்ஜின் தெரியுமாலே?"

"பேட்டையில வந்து கேளுங்க!"

சிரித்தார். கண்ணை மூடினார். விளக்கு வைக்கும் நேரத்தில் மூச்சு நின்றிருந்தது.

வீடு தேடி வந்து பார்த்த டாக்டரம்மாவுக்கும், உடல் துடைத்துவிட்ட நர்ஸுக்கும், விசாகப்பட்டினத்திலிருந்து ரயிலேறி வந்து தோள் கொடுத்த கப்பல் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டது.

அண்ணனுக்காகப் போடும் இந்த நினைவு மலரின் அட்டையில் 'உறக்கத்தில் அமைதியாக மறைந்தார்' என்று போட்டிருக்கிறார்களாம். அந்த உறக்கம் தானாக வரவில்லை. தம்பி வந்து வாட்ச்சை ஏற்றுக்கொண்ட பிறகே அண்ணன் உறங்கினார் என்று, அதன் கீழேயே, அதே அளவு எழுத்தில் அச்சாக வேண்டும்.