வேலன் துருசைத் திறந்தானா?

பழைய புத்தகத்தின் முதுகில் சவர அலகை வைத்துத் தையல் நூலை அறுக்கும்போது, வைக்கோல் போரிலிருந்து மாடு ஒரு வாய் இழுப்பதைப் போன்ற சத்தம் வரும். எட்டாம் வகுப்பில் ஒரு காலை, நிர்மலா ரீச்சர் தன் மேசையில் வைத்து ஒரு நாவலை அப்படி அறுத்தபோது, புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பிள்ளைகளான நாங்கள் பதறி எழும்பிவிட்டோம்.

ரீச்சர் உப்புக்குளத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோனவர். முதல் நியமனம்; எங்கள் அக்காமாரின் வயதுதான். நறுவிலிக்குளத்துக்கு அப்பால் இருந்த எங்கள் சின்னப் பள்ளிக்கூடத்தில் நூலகம் என்பது ஓர் அலுமாரி. அதில் அந்த நாவல் ஒரு பிரதிதான் இருந்தது. வகுப்பிலோ முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். ஆகவே அவர் அதை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சாக்கு ஊசியால் தைத்து, நாங்கள் சேர்ந்து அமரும் நீள 'வாங்கு'க்கு ஒன்றாகக் கொடுத்தார். வாரத்துக்கு ஒருமுறை அவை வாங்கு மாறும். மாரி முடிவதற்குள் எல்லாரும் முழுக்கதையையும் படித்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

கதை எங்கள் வயல்களில் நடப்பது போலவே இருந்தது. வேலன் என்ற கமக்காரனுக்கும் அவன் அயலவனுக்கும் தண்ணீர்த் தகராறு. ஒரு மழை இரவில், குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் 'துருசை' யாரோ திறக்க, அயலவனின் முற்றிய கதிரெல்லாம் மூழ்கிப்போகிறது. திறந்தது யார் என்று நாவல் சொல்லவில்லை. ஊர் வேலனை ஒதுக்கி வைக்கிறது. தண்ணீர்ச் சண்டை பார்த்து வளர்ந்த நாங்களும், ஊரோடு சேர்ந்து அவனை ஒரே நாளில் குற்றவாளியாக்கிவிட்டோம்.

"வேலன்தான் ரீச்சர். எங்கடை அப்பாவும் அதைத்தான் சொன்னவர்" என்றான் ஜெகன். வகுப்பில் எதற்கும் முதலில் வாய் திறப்பவன் அவன்.

"உங்கடை அப்பா இந்தக் கதையிலை எந்தப் பக்கத்திலை வாறார் ஜெகன்?"

வகுப்பு சிரித்து ஓய வெகுநேரமானது. பிறகு ரீச்சர் சட்டத்தைச் சொன்னார்: "என்னவும் நினைக்கலாம். ஆனால் நினைச்சதுக்கு வரி காட்டோணும். விரலை வைச்சு வாசியுங்கோ." வேண்டிய வரி பெரும்பாலும் வேறொரு வாங்கில்தான் இருக்கும். எழுந்துபோய்க் கேட்க வேண்டும். கேட்டால் அவர்கள் உடனே தரமாட்டார்கள், "முதலிலை நீ என்ன சொல்லப்போறாய் எண்டு சொல்லு" என்பார்கள். அந்தப் பேரத்தில் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்தது. சங்கக்கடைக்காரர் நிறுவையில் ஏமாற்றுகிறார் என்று அப்பா சொன்னபோது, "எந்தப் பக்கம்?" என்று நான் கேட்டுவிட்டேன். "உங்கடை பிள்ளைக்கு இனிச் சோறும் பக்கம் பாத்துத்தான் போடோணும்" என்றார் அம்மா.

மாரி நடுவில், கல்விக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அலுமாரியைச் சரிபார்த்துக்கொண்டு வந்தவர், காணாமற்போன நாவலை எங்கள் வாங்குகளில் துண்டு துண்டாகக் கண்டார்.

"அரசாங்கச் சொத்தை வெட்டிப்போட்டுத்தான் படிப்பிக்கிறனீங்களோ? நான் இதை எழுதவேணும். எழுதினால் உங்கடை நியமனம் நிரந்தரமாகாது, தெரியுமோ?"

எங்கள் முன்னால்தான் கேட்டார். ரீச்சர் வெண்கட்டியை மேசையில் வைத்தார். "வெட்டினது பிழைதான் சேர். ஒருக்கால் பிள்ளையள் கதைக்கிறதைக் கேட்டுப்போட்டு எழுதுங்கோ."

அதிகாரி கடைசி வாங்கில் அமர்ந்தார். "சரி, துருசைத் திறந்தது ஆர்? நானும் இதைப் படிச்சனான். வேலன்தான்."

அப்போது லெட்சுமி எழுந்தாள். மலைநாட்டிலிருந்து வந்து எங்கள் ஊரில் குடியேறிய குடும்பம். அவள் பேச்சைப் பையன்கள் பழித்துக் காட்டுவதால் தானாக எழுந்து பேசியதே இல்லை.

"இல்லைங்க சார். அவரு தொறந்திருக்க முடியாதுங்க."

அன்று யாரும் பழிக்கவில்லை. அவள் தன் வாங்கிலிருந்த பகுதியில் விரலை வைத்து வாசித்தாள். மழைக்கு முதல்நாள் வேலி அடைக்கும்போது வேலனின் வலக்கையில் கத்தி வெட்டிவிடுகிறது. கட்டுப்போட்ட கையோடு இருப்பவனுக்கு மனைவி சோற்றை வாயில் தீத்துகிறாள்.

"அதாலை என்ன? மற்றக் கை இருக்குத்தானே" என்றார் அதிகாரி.

"அதுக்கு வரி அவங்க வாங்குல இருக்குங்க" என்று அவள் என்னைக் காட்டினாள்.

நான் தாள்களைப் புரட்டினேன். முன்பு எத்தனையோ தடவை கண் ஓட்டிப்போன வரி அது. இரண்டு கையாலும் பிடித்துத் தோளையும் கொடுத்தால்தான் துருசின் சக்கரம் அசையும் என்று இருந்தது. வாசித்துவிட்டு, அந்தப் பகுதியை லெட்சுமியின் பகுதிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். இரண்டையும் எல்லாரும் படித்திருந்தோம். சேர்த்து வைத்துப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

அதிகாரி எழுந்து வந்து இரண்டையும் மாறி மாறி வாசித்தார். "அப்ப அவன்ரை மனுசி திறந்திருக்கலாம்."

"எந்தப் பக்கம் சேர்?" என்றான் ஜெகன், யாரோடு பேசுகிறோம் என்பதை மறந்து.

அவரோடு வந்து வாசலில் நின்ற பள்ளிக்கூட அதிபர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி மூக்குக்கண்ணாடிக்கு மேலால் ஜெகனைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

"கடைசிப் பகுதி ஆரிட்டை? கொண்டா பாப்பம்."

சின்ன வாங்கில் முழங்கால் இடிக்க அமர்ந்து, அவர் அந்த மனுசியைத் தேடத் தொடங்கினார். ஒரு பகுதி முடிய அடுத்ததை ஓடிப்போய்க் கொடுத்தோம். அவருக்கென்று வந்த பிளேன்ரீ ஆறிப்போனது. பஸ்ஸுக்கு எழும்பும்போது ரீச்சரிடம் சொன்னார்: "மாரி முடியத் தைச்சு அலுமாரியிலை வையுங்கோ. அதுக்கு முதல் அந்த மனுசியை ஒருக்கால் வடிவாப் பாருங்கோ. எனக்கு இன்னும் சந்தேகம்."

ரீச்சரின் நியமனம் நிரந்தரமானது. புத்தகத்தைத் தைத்து வைத்தோம். சில வருடங்களில் போரால் ஊரோடு இடம்பெயர்ந்து, திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை, புத்தகமும் இல்லை. அதன் பெயரும் எங்களுக்கு நினைவில்லை; மட்டை ரீச்சரின் மேசை லாச்சியில் இருக்க, நாங்கள் உள்ளே இருந்த தாள்களைத்தானே அறிந்திருந்தோம். இப்போது அங்கே மாடிக் கட்டடம் நிற்கிறது. பிள்ளைகள் எல்லாரிடமும் சொந்தப் புத்தகம் இருக்கிறது. வரி கேட்டு இன்னொரு வாங்குக்குப் போக எவருக்கும் தேவையில்லை.

போன அறுவடைக்குப் பிறகு மன்னாரில் ஒரு கலியாண வீட்டில் ஜெகனும் லெட்சுமியும் நானும் சந்தித்தோம். பந்தியில் ஜெகன் தொடங்கினான்: "அந்த அதிகாரி சொன்னதுதான் சரி. மனுசிதான் திறந்தவள்." லெட்சுமி பாயாசக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, வேலனின் மனைவி அன்று இரவு முழுக்கப் புருசனுக்குப் பக்கத்தில்தான் இருந்தாள் என்று வாதாடினாள். நான் இரண்டையும் மறுத்து மூன்றாவது ஒருவனைச் சொன்னேன். பந்தி எழும்பி, அடுத்த பந்திக்கு ஆட்கள் எங்கள் கதிரைக்குப் பின்னால் வந்து நின்ற பிறகும் ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. எங்களிடம் காட்டுவதற்கு ஒரு தாள்கூட இல்லை.