டூட்டிக்கு வந்த தெரு

முதலில் எங்கள் வீட்டை விட்டுப் போனது அரிவாள்மனை. பிறகு வாளிக்கயிறு. அப்புறம் மண்ணெண்ணெய்ப் புட்டி. ஒவ்வொன்றாக எதிர்வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் திருப்புளியும் கையுமாக உட்கார்ந்து, அறைக்கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எதுக்குக் கழட்டுறீங்க?" என்று கேட்டேன்.

"துரு ஏறிப்போச்சு" என்றார்.

புதுத் தாழ்ப்பாள் அது. எங்கள் கல்யாணத்துக்கு அவரே வாங்கிப் போட்டது. பொய் சொல்லவும் ஒரு சாமர்த்தியம் வேண்டும், அந்த மனுஷனுக்கு அது கிடையாது.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய், எங்களைத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். அரிமளத்துக்குப் பக்கத்தில், பஸ் நிற்கிற ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். அவர் புதுக்கோட்டை பஸ்ஸில் கண்டக்டர். விடிவதற்குள் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு. எனக்குத் தலைப்பிள்ளை பிறந்திருந்தான். என்னைப் பெற்றவளும் இல்லை, அவரைப் பெற்றவளும் இல்லை. அண்ணன் வீட்டில் பிரசவம் பார்த்து, மூன்றாம் மாதமே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்.

வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. பிள்ளை தூங்கினாலும் எனக்குக் கண் மூடாது. பிறகு பசி போனது. அப்புறம் எதன்மேலும் ஆசையில்லாமல் போனது. பிள்ளை அழுதால் யார் வீட்டுப் பிள்ளையோ அழுகிற மாதிரி இருக்கும். நெஞ்சில் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்த மாதிரி ஒரு கனம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? தங்கம்போல ஆண்பிள்ளையைப் பெற்றுவைத்துக்கொண்டு துக்கமாக இருக்கிறது என்றால் வாயிலேயே போடுவார்கள்.

ஒருநாள் உச்சிப்பொழுதில் பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு ஊருணிக்குப் போனேன். கையில் குடம் இல்லை. ஊரே பின்னால் அதைத்தான் பேசியது. குடமில்லாமல் ஒரு பொம்பளை ஊருணிக்கு எதற்குப் போகிறாள்? படியில் இறங்கினேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. எதற்குப் போனேன் என்று இன்றைக்கும் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. வெக்கை தாங்காமல் காலை நனைக்கப் போனேன் என்று அப்போது சாதித்தேன். அப்படியும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

தண்ணீர் மொள்ள வந்த எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து, என் சடையைப் பிடித்துப் படிக்கு மேலே இழுத்தாள். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். ஊரைக் கூட்டிவிட்டாள்.

அவளுக்கும் எனக்கும் ஏற்கெனவே ஆகாது. முறைக்கு எனக்கு அவள் அத்தாச்சி, அண்ணி மாதிரி. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். புருஷன் மலேயாவுக்குப் போனவன் போனவன்தான். பிள்ளைகுட்டி கிடையாது. அவளுடைய ஆடு என் அகத்திக்கன்றை மேய்ந்தது. நான் ஒன்று சொல்ல, அவள் ஒன்பது சொல்ல, பேச்சு அறுந்துபோனது. அன்றிலிருந்து அத்தாச்சி என்ற சொல்லை நான் நாக்கில் வைக்கவில்லை, 'அவ' என்பதோடு சரி. இப்போது என் அரிவாள்மனையும் கயிறும் பிள்ளையும் அவள் வீட்டில்.

மறுநாள் பிள்ளையார் கோயில் முன்னால் கூடிப் பேசினார்கள். கோடாங்கியைக் கூப்பிட்டு உடுக்கடிக்கலாம் என்றார் ஒருவர். ஒரு கோயிலில் கட்டிப்போட்டால் சரியாகும் என்றார் இன்னொருவர். முற்றிப்போனால் மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று டவுன் டாக்டர் என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தார். கடைசியில் யாரோ ஒருத்தி எழுந்து, "எங்கிட்டும் கொண்டுபோக வேணாம். இத்தனை பொம்பளைக இருக்கோம், ஆளு மாத்தி ஆளு கூட இருப்போம்" என்றாளாம். அதுவே முடிவானது. என் வீட்டுக்காரர் ஆறுதலில் உளறியிருக்கிறார்: "எங்க பஸ்ஸுல டூட்டி மாத்துற மாதிரி." அவ்வளவுதான், அந்த வார்த்தையைத் தெருவே பிடித்துக்கொண்டது.

"இன்னைக்கு எனக்குத்தான் டூட்டி" என்று சொல்லிக்கொண்டே வருவார்கள்.

ஒருத்தி வந்தால் பேன் பார்க்கிறேன் என்று என் தலையைப் பிடித்துக்கொள்வாள், இல்லாத பேனை மணிக்கணக்காகத் தேடுவாள். இன்னொருத்தி, "எங்க நாத்தனாளுக்கும் இப்படித்தான் இருந்துச்சு, இப்ப நாலு பிள்ள பெத்துட்டா" என்பாள். அந்த நாத்தனாள் எனக்கு ஆறுதலா, எச்சரிக்கையா என்று தெரியாது. பள்ளிக்கூட வாத்தியார் வீட்டம்மா வேதக்காரர். மாதா கோயில் பூசை முடிந்து நேராக வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து முணுமுணுவென்று ஜெபம் பண்ணுவார். ஒருத்தர் வாயிலும் ஊருணி என்ற பேச்சு வராது. எல்லோரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். கொல்லைப்பக்கம் போனாலும் செம்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஒருத்தி வருவாள். கதவைச் சாத்தினால் திறப்பாள். கண்ணை மூடினால், "என்ன யோசிக்கிற?" என்பாள். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறும். ஓவென்று கத்தவேண்டும்போல இருக்கும். கத்தினால் முற்றிவிட்டது என்று மெட்ராஸுக்கு அனுப்பிவிடுவார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

இதெல்லாம்கூடப் போகட்டும். பிள்ளைக்குப் பசித்தால் எதிர்வீட்டிலிருந்து தூக்கி வருவார்கள். நான் பால் கொடுக்கும்போது டூட்டிக்காரி ஒட்டி உட்கார்ந்து, பிள்ளையின் காலைக் கையில் பிடித்துக்கொள்வாள். கொஞ்சுகிற மாதிரி, விளையாட்டுக்குப் பிடிக்கிற மாதிரிதான் பிடிப்பாள். எனக்குத் தெரியாதா? அந்தப் பிடி லேசில் தளராது. இந்தப் பக்கம் தலை என்னிடம், அந்தப் பக்கம் கால் அவளிடம். அவமானத்தில் எனக்குப் பாலே சுரக்காது. பிள்ளை அழும். "சரி, அப்பறமாப் பாப்போம்" என்று தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். என் பிள்ளை காலை யாரும் பிடிக்காமல் ஒரு பொழுது என் மடியில் கிடக்கவேண்டும். நான் கேட்டதெல்லாம் அதுதான். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

மத்தியான டூட்டி எதிர்வீட்டுக்காரிக்கு. கூடையில் புளியைக் கொண்டுவந்து நிலைப்படியில் உட்கார்ந்து கொட்டை எடுப்பாள். சிரிக்கமாட்டாள். பேசமாட்டாள். என் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டாள். மற்றவர்களுக்கு இவள் தேவலை என்று எனக்கே சில சமயம் தோன்றும், அதை ஒத்துக்கொள்ள மனசு வராது.

ஒருநாள் என்னால் அடக்க முடியவில்லை.

"எம்பிள்ளைய எப்பக் குடுப்ப?"

"குடுக்குறப்பக் குடுப்பேன்."

"நீ யாரு குடுக்க? நான் பெத்த பிள்ள அது. ஒன்னாலதான நான் ஜெயில்ல கெடக்கேன்?"

அவள் புளியைக் கூடையில் போட்டாள். சேலைக் கரையைக் கொஞ்சம் மேலே தூக்கிக் கணுக்காலைக் காட்டினாள். நுகத்தடி உரசின மாட்டுக் கழுத்துப்போல அந்த இடம் கறுத்துக் காய்த்துப்போயிருந்தது. இத்தனை நாள் எதிர்வீட்டில் இருந்தும் நான் அதைப் பார்த்ததில்லை.

"அவரு கப்பலேறுன வருசம். ஒரு கோயில்ல கொண்டுபோய்க் கட்டிப்போட்டாங்க. ஏன்னு ஒருத்தரும் கேக்கல. அங்கயே ரெண்டு தை வந்து போச்சு" என்றாள். பிறகு, "எனக்குச் சங்கிலி, ஒனக்கு ஆளு. அதான் அன்னைக்கு எந்திரிச்சுச் சொன்னேன், ஆளு மாத்தி ஆளு இருப்போம்னு."

அந்த 'யாரோ ஒருத்தி' இவள்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் என் வாய் சும்மா இருக்குமா?

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன்.

அவள் சேலைக் கரையை இறக்கிவிட்டுக்கொண்டு மறுபடி புளியை எடுத்தாள்.

"இருக்கும்" என்றாள். கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை. கட்டுண்டு கிடந்தவள் சொன்னதால் அந்த ஒரு சொல் எனக்கு உறைத்தது.

மறுநாள் மத்தியானம் கூடையில்லாமல் வந்தாள். கையில் பிள்ளை. அதற்கு முன் இருந்தவளைப் போகச் சொல்லிவிட்டு, பிள்ளையை என் மடியில் போட்டாள். காலைப் பிடிக்கவில்லை.

"நான் போறேன்" என்றாள்.

"எங்கிட்டு?"

"எங்கிட்டோ. ஒனக்குத்தான் ஆளு வேணாம்ல."

கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு நம்பவே முடியவில்லை. பிள்ளையின் உச்சந்தலையை முகர்ந்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த வாசனை எனக்குத் தெரிந்தது. காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். வேறு கை இல்லை. பிள்ளை என்னையே பார்த்தான். சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. அழுகைகூட வந்தது.

பிறகு வீடு அமைதியாகிப்போனது. இத்தனை நாள் எனக்கு அலுத்துப்போன அந்தப் பேச்சுச் சத்தம் எதுவும் இல்லை. முழங்காலில் தண்ணீர் ஏறின ஞாபகம் வந்தது. அந்தக் குளிர்ச்சிகூட வந்தது. பிள்ளை மடியில் கனத்தான். பின்கதவு திறந்துதான் கிடந்தது. அதைத் தாண்டினால் ஒற்றையடிப் பாதை, பாதை முடிகிற இடத்தில் ஊருணி. நான் எழுந்திருக்கவில்லை. ஆனால் எழுந்துவிடுவேனோ என்று பயந்தேன். ஊரைக் கண்டோ பேயைக் கண்டோ அல்ல, என்னைக் கண்டே எனக்குப் பயமாக இருந்தது. பிள்ளையைக் கையில் கொடு கொடு என்று கேட்டவளும் நான்தான், கொடுத்த பிறகு நடுங்குகிறவளும் நான்தான்.

"அத்தாச்சி" என்றேன்.

"அத்தாச்சி, எங்கிட்டும் போயிராதீங்க. உள்ள வாங்க" என்று கத்தினேன்.

கத்தின வேகத்தில் கதவு திறந்தது. அவள் எங்கேயும் போகவில்லை. கதவோடு கதவாகச் சாய்ந்து நின்றிருக்கிறாள். வந்த அவசரத்தில் நிலைப்படி தடுக்கி, விழப்பார்த்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகமெல்லாம் வேர்வை.

"பயமா இருக்கு அத்தாச்சி" என்றேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்று நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் மூச்சை விட்டுக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"இந்தா, கூப்புட்டுட்டேல்ல" என்றாள். "நீ கூப்புடுவேன்னு தெரியாமத்தான் நாங்க காலைப் பிடிச்சுக்கிட்டு இருந்தோம். இனி இவன் ஒங்கிட்டயே இருக்கட்டும். பயம் வந்தாக் கூப்புடு. எந்த நேரமுன்னாலும் எதிர்த்தாப்புலதான் இருக்கேன்."

பிள்ளை பசித்துச் சிணுங்கினான். அவள் எழுந்துபோய்த் தன் வீட்டிலிருந்து புளிக்கூடையை எடுத்துவந்து, நிலைப்படியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். நான் பிள்ளையை மார்பில் போட்டேன். பால் தானாகச் சுரந்தது. அவன் குடித்துக்கொண்டே காலை உதைத்தான். யாரும் பிடிக்கவில்லை.