நல்லாப் பேசிய வழக்கு

"ஆறுதலாச் சொல்லும்" என்று சாட்சிக் கூண்டில் நிற்கும் முதியவரிடம் கூறிவிட்டு, ஈசாக்கு நாகமுத்து தம் வலக் காதுமடலைச் சுட்டுவிரலால் முன்னோக்கி மடித்துக்கொண்டு காத்திருக்கிறார். முதியவர் திகைக்கிறார். மெதுவாகச் சொல்லுமாறு யாழ்ப்பாணத்தார் இப்படித்தான் கேட்பார்கள் என்பது தஞ்சாவூர்க்காரருக்குத் தெரிய நியாயமில்லை. "யாருக்குங்க ஆறுதல் சொல்லணும்? அடி வாங்கினவனே நான்தானுங்க" என்கிறார். பெஞ்சுகளில் சிரிப்பு எழுகிறது. நாகமுத்து சிரிப்பதில்லை. "மெதுவாக" என்று தம்மைத் திருத்திக்கொண்டு, அந்தச் சொல்லை இனி மறப்பதில்லை என்பதுபோல் உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறார்.

சிங்கப்பூர்ப் பட்டணத்துக் கோர்ட்டு ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் துவிபாஷி. தமிழர் சொல்வதை ஆங்கிலத்திலும், துரை சொல்வதைத் தமிழிலும் எடுத்துரைப்பது வேலை. வயது நாற்பத்திரண்டு. யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டைப் பக்கத்து மிஷன் பள்ளியில் படித்தவர். மெலிந்த உடம்பு, அதற்குப் பொருந்தாத கனத்த குரல். சிராங்கூன் சாலையில், குதிரைப் பந்தயத் திடலுக்குப் போகும் வழியில், ஒரு கடையின் மேல்மாடியில் மனைவி கண்மணியோடு குடியிருக்கிறார். டிராம் வண்டி வாசலிலேயே நின்றாலும் ஏறுவதில்லை. அதன் இரைச்சலில் சொற்கள் காதில் சரிவர விழுவதில்லையாம். கோர்ட்டுக்குப் போகும்முன் காது களைத்துவிடக் கூடாதாம்.

வீட்டுச் சுவரில் அவர் கைப்படப் பட்டியல் ஒன்று எழுதி ஒட்டியிருந்தார்: சுத்தம், நேரம், பிழையின்மை, உண்மை. கிறிஸ்தவனுக்குரிய நற்குணங்களை வரிசைப்படுத்தியிருப்பதாகச் சொல்லுவார். "இஞ்சாருங்கோ, இதிலை நான் எத்தினையாவது?" என்று கண்மணி கேட்டபோது, "நீர் பட்டியலிலை வரமாட்டீர். நீர் பட்டியலைப் பாக்கிற ஆள்" என்றார். அந்த அம்மையார் அதை ஆலயத்துப் பெண்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்ததுண்டு.

எங்கள் ஆலயத்து உபதேசியார் ஒருமுறை அவர் வீட்டில் ஜெபம் நடத்த வந்தவர், பட்டியலைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, உண்மை ஏன் கடைசியில் நிற்கிறது என்று கேட்டார். தேவனுக்கு உரியதை முதலில் வைத்தால் மற்றவை பின்னே தாமே வந்து சேரும் என்பதல்லவா நம் போதனை என்றும் சொன்னார். நாகமுத்து பணிவு குறையாமல் மறுத்தார். பிழையில்லாமல் நடப்பவனிடத்தில் பொய் எப்படி நுழையும்? மூன்றாவதைக் காத்தால் நான்காவது தானே காக்கப்படும். உபதேசியார் காப்பியைக் குடித்துவிட்டு, "ரெண்டும் ஒரே வழியில போற வரைக்கும் சரிதான், ஐயா" என்று எழுந்துவிட்டார்.

இரண்டும் பிரிந்த நாள் சென்ற ஆண்டு வந்தது.

அந்த வாரம் நாகமுத்துவுக்குப் பெரிய வாரம். தலைமைத் துவிபாஷி ஓய்வு பெறவிருந்தார். அவ்விடத்துக்கு நாகமுத்துவின் பெயர் மேலே போக வேண்டும். அதற்கு, இவரது மொழிபெயர்ப்பில் இதுவரை ஒரு குற்றமும் கண்டதில்லை என்று மாஜிஸ்திரேட்டுத் துரை எழுதித் தர வேண்டும். வெள்ளிக்கிழமை எழுதித் தருவதாகத் துரை சொல்லியிருந்தார். அன்று புதன்.

அன்று குற்றவாளிக் கூண்டில் நின்றவர் ஒலி முகம்மது என்ற நாகூர்க்காரர். பந்தயத் திடலோரம் ஆடு வளர்த்துப் பால் விற்பவர். அவருடைய ஆடு பக்கத்துத் தோட்டக்காரர் மருதப்பனின் கீரைப் பாத்தியில் வாய் வைத்துவிட்டது. மருதப்பன் ஆட்டைப் பிடித்துக் கட்டினார். ஒலி முகம்மது மருதப்பனின் வீட்டினுள் புகுந்து, அவர் மனைவியைத் திட்டி மிரட்டி ஆட்டை அவிழ்த்துப் போனார் என்பது புகார். துரை, நடந்ததைச் சொல்லும்படி கேட்டார்.

ஒலி முகம்மது கைகளைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "அவரு வூட்டுல இல்லிங்க. சம்சாரந்தான் இருந்தாஹ. வாசல்லயே நின்னு நல்லாப் பேசிட்டு, ஆட்டை ஓட்டிக்கிட்டு வந்தேன்."

யாழ்ப்பாணத்தில் ஒருவரைப் பேசுவது என்றால் ஏசுவது. உரையாடுவதற்கு அங்கே 'கதைத்தல்' என்று வேறு சொல் இருக்கிறது. நல்லாப் பேசினான் என்றால் வாங்கு வாங்கென்று வாங்கினான் என்பதே பொருள். நாகமுத்து இவ்வேறுபாட்டை அறியாதவர் அல்லர். வந்த முதல் ஆண்டிலேயே கற்றுக்கொண்டவர். ஆனால் அன்று மனம் வெள்ளிக்கிழமையில் இருந்தது. செவி தன் பிறந்த ஊருக்குப் போய்விட்டது. அந்தப் பெண்ணை நன்றாகத் திட்டிவிட்டு வந்ததாக ஆங்கிலத்தில் எடுத்துரைத்தார். துரை பேனாவை நிறுத்தி, குற்றவாளியே ஒப்புக்கொண்டார் என்று குறித்துக்கொண்டார். பதினான்கு நாள் சிறை என்று எண்ணியிருப்பதாகவும், உணவுக்குப் பின் தீர்ப்புச் சொல்வதாகவும் கூறி எழுந்தார். ஒலி முகம்மதுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. துரை எழுந்ததைக் கண்டு தம்மையும் விட்டுவிட்டார்கள் என்று எண்ணிப் படியிறங்க முயன்றார். போலீஸ்காரர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

கோர்ட்டுக்கு வெளியே மரத்தடியில் நெய்னா முகம்மது தேநீர் விற்கிறார். நாகமுத்து வழக்கம்போல் அங்கே போனார். கோப்பையை நீட்டியபடி நெய்னா, "நேத்து உங்க வூட்டு அம்மா நம்ம பக்கம் வந்தாஹ. நல்லாப் பேசிட்டுப் போனாஹ" என்றார்.

நாகமுத்து திடுக்கிட்டார். "ஏன் பேசினவ? நீர் என்ன பிழை விட்டனீர்?"

"பிழையா?" நெய்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "புள்ளைக்குக் காய்ச்ச எப்படி இருக்குன்னு விசாரிச்சாஹ. சிரிச்சுப் பேசிட்டுப் போனாஹ. அதுக்கு எதுக்கு ஐயா சண்டைக்கு வரீய?"

நாகமுத்து கோப்பையை வாங்கவில்லை. அந்த இடத்தில் அவர் முகம் வெளுத்துப்போனதை நெய்னா இன்றும் நடித்துக் காட்டுகிறார்.

பிறகு நடந்ததை எனக்குச் சொன்னவர் கோர்ட்டுக் குமாஸ்தா துரைசாமி. நாகமுத்து அவரிடம் வந்து விஷயத்தைச் சொன்னார். நல்ல நண்பர் என்ற முறையில் துரைசாமி புத்தி சொன்னார். "வாயைத் திறக்காதீங்க. வெள்ளிக்கிழமை கடிதாசி கைக்கு வரட்டும். பதினாலு நாள்தானே, ஆட்டுக்காரன் இருந்துட்டு வந்துடுவான். பேசினான்னா ஏசினான்னு உங்க ஊர்ல அர்த்தம் இருக்குல்ல? அப்புறம் எப்படி அது தப்பாகும்?"

துரைசாமி காட்டிய வழியில் போனால் பிழையுமில்லை, பொய்யுமில்லை. ஒலி முகம்மது மட்டும் சிறையில் இருப்பார். நாகமுத்து மெல்லச் சொன்னாராம்: "காலமை தொடக்கம் வாறவன் போறவனையெல்லாம் உண்மை சொல்லு எண்டு சத்தியம் பண்ண வைக்கிறன். நான் மேசைக்கு இஞ்சாலை நிக்கிறன் எண்டாப்போலை எனக்கு அது இல்லையோ?"

துரை வந்து அமர்ந்ததும் நாகமுத்து தமக்குரிய மேசையருகே நிற்கவில்லை. நேரே சாட்சிக் கூண்டில் ஏறினார். துரை நிமிர்ந்து பார்த்தார். நாகமுத்து வேதபுத்தகத்தைத் தாமே எடுத்துக் கையில் பிடித்து, தாமே சத்தியம் செய்து, காலையில் தாம் சொன்ன மொழிபெயர்ப்புத் தவறு என்றும், அந்தத் தவறு குற்றவாளியுடையதன்று, தம்முடையது என்றும் ஆங்கிலத்தில் தெளிவாகக் கூறினார். பதினோர் ஆண்டுகளில் அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து ஒலித்ததில்லை என்கிறார் துரைசாமி.

துரைக்கு மலாய் தெரியும். துவிபாஷியை ஒதுக்கிவிட்டு ஒலி முகம்மதுவிடம் தாமே மலாயில் கேட்டார். "சாக்காப் பாய்க்-பாய்க், துவான்" என்றார் ஒலி முகம்மது. நயமாகத்தான் பேசினேன், ஐயா, என்பது அதன் பொருள். அந்த அம்மா தமக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்ததையும் சொன்னார். துரை மருதப்பனைத் துருவினார். தாம் அப்போது வீட்டில் இருக்கவில்லை என்றும், திட்டியதைக் கேட்கவில்லை என்றும், ஆடு போன கோபத்தில் புகார் கொடுத்ததாகவும் மருதப்பன் ஒப்புக்கொண்டார். வழக்கு தள்ளுபடியாயிற்று. அதன்பின் துரை நாகமுத்துவைப் பார்த்து, கண்டிப்பும் அல்லாமல் கனிவும் அல்லாமல், வெள்ளிக்கிழமைக் கடிதத்தில் இனி அந்த வாக்கியத்தை எழுத இயலாது என்றார். நாகமுத்து, "ஆம், ஐயா" என்று தலை வணங்கினார்.

வாசலில் ஒலி முகம்மது அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கி நன்றி சொன்னார். "எனக்கு நன்றி சொல்லாதையும். உம்மை உள்ளுக்குத் தள்ளப் பாத்தவனே நான்தான்" என்று நாகமுத்து நடந்ததை விளக்கினார். ஒலி முகம்மது கேட்டு முடித்தார். "அப்ப என்னைய நீங்கதான் நல்லாப் பேசிட்டீங்க" என்றார். எந்த ஊர்ப் பொருளில் சொன்னார் என்று அவர் சொல்லவில்லை. நாகமுத்து பொதுவிடத்தில் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பலர் கண்டார்கள்.

வீட்டுக்கு வந்தவரிடம் கண்மணி முதலில் கேட்டது வேலையைப் பற்றி. தலைமைப் பதவி போய்விட்டது, பழைய வேலை இருக்கிறது என்றார். சொல்லிவிட்டு இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

"போட்டுது எண்டு சொல்லுறியள், பிறகேன் முகம் இப்பிடிப் பூரிச்சுக் கிடக்குது?"

"பதினொரு வருசமா எங்கை பிழை விட்டிடுவனோ எண்டு பயந்துகொண்டு திரிஞ்சன், கண்மணி. இண்டைக்கு விட்டிட்டன். எல்லாருக்கும் முன்னாலை சொல்லியும் போட்டன். இனி எதுக்குப் பயப்பிடுறது?"

தலைமைத் துவிபாஷியாகப் பினாங்கிலிருந்து வேறொருவர் வந்து சேர்ந்தார். அவரும் நாகமுத்துவும் இப்போது நல்ல நண்பர்கள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆலயத்தில் மிஷனரித் துரை ஒருவர் ஆங்கிலத்தில் பிரசங்கம் செய்தார். அவருக்குப் பக்கத்தில் நின்று வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்லியவர் நாகமுத்து. ஆலயம் நிறைந்திருந்தது, முன்வரிசையில் கோர்ட்டுக் குமாஸ்தாக்கள் சிலரும் இருந்தார்கள். பிரசங்கம் உச்சத்தை எட்டிய வேளையில், இருபொருள்படும் ஒரு சொல் துரை வாயிலிருந்து வந்தது. முன்பென்றால் நாகமுத்து இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு தயங்காமல் முழங்கியிருப்பார். இம்முறை தம் வலக்கையை உள்ளங்கை தெரிய உயர்த்தித் துரையை நிறுத்தினார். சபையைப் பார்த்து, "இந்தச் சொல்லு எனக்கு விளங்கேல்லை, கேட்டுச் சொல்லுறன்" என்றார். பிறகு உயர்த்திய கையை இறக்காமலே, முகம் மலரத் துரையின் பக்கம் காதைச் சாய்த்தார்.