உப்புக் குவியலில் கிடைத்த சித்தர்

செய்யூர்ப் பக்கம் கைவிடப்பட்ட உப்பளத்தில் பழைய உப்புக் குவியலை வெட்டியபோது ஓர் ஆண் உடல் கிடைத்தது. அழுகவில்லை, பலகை போலக் காய்ந்திருந்தது. போலீஸ்காரர்கள் அதை எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். எழுபதுகளின் நடுவில் நான் அங்கே எக்ஸ்ரே எடுப்பவன். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் என்பதால், டாக்டருக்கு ஒரு படி மேலாகவே என்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓ.பி. சீட்டு இல்லாமல் படம் எடுக்கக் கூடாதென்றார் கிளார்க். அவரே சீட்டுப் போட்டு, நோய் என்ற இடத்தில் 'உடம்பு விறைப்பு' என்று எழுதினார்.

பெரிய டாக்டருக்கு அது ஆயிரம் வருடத்து உடல். மெட்ராஸ் மாநாட்டில் படம் காட்ட வேண்டும். கூட வந்த ஊர்ப் பெரியவர்களுக்கு அது சித்தர். கோயிலுக்கு இடம்கூடப் பார்த்துவிட்டார்கள். சேதி கேட்டு வந்திருந்த, மாமல்லபுரத்துப் பக்கத்துக் குப்பத்தில் கருவாடு விற்கிற ஒரு அம்மாவுக்கு மட்டும், ஒன்பது வருடம் முன் உப்பள வேலைக்குப் போய்த் திரும்பாத புருஷன்.

"இவ்வளவு நாள் கெடாம இருக்கறது உலக அதிசயம்மா," என்றார் டாக்டர்.

"இன்னா அதிசயம் சார்? உப்பும் வெயிலும். நான் வாராவாரம் செஞ்சிகினுதான் கீறேன். எங்க வூட்டுக்காரருக்கு வலது கையில தூண்டி முள்ளு ஒடிஞ்சி உள்ளயே நின்னுபோச்சி. இருந்தா குடு, எடுத்தும்போய் அடக்கம் பண்றேன்."

படத்தில் உள்ளங்கையில் வளைந்த வெள்ளைக் கோடு. "ஃபிலிம் வைக்கிற கேசட்டைத் துடைக்கறதே இல்லையா? தூசி!" என்று டாக்டர் என்மேல் பாய்ந்தார். பெரியவர்கள் "வேலாயுதம்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் வேலை போய்விடுமென்று பயந்து, படத்தின் ஓரத்தில் 'தூசி' என்று அழகாக எழுதினேன்.

"இன்னா நைனா எழுதிகீற? முள்ளுன்னுதானே?" என்றாள். படித்தவன் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற முகம். எங்கள் வீட்டில் தினமும் பார்ப்பதுதான்.

வேறு கேசட்டை வைத்து இன்னொரு படம் எடுத்தேன். தூசி என்றால் பழைய கேசட்டோடு நின்றிருக்க வேண்டும். முள் அதே இடத்தில் வந்தது, இன்னும் தெளிவாக.

ஆயிரம் வருடம் ஒன்பதாகச் சுருங்கியதும் டாக்டர் ரவுண்ட்ஸுக்குப் போய்விட்டார். பெரியவர் ஒருவர் மட்டும் விடவில்லை. "சித்தரும் மீன் புடிச்சிருக்கலாம் இல்ல?"

"புடிச்சாரு அண்ணாத்த. எனக்கு நாலு புள்ளயும் குட்த்தாரு. கால் பக்கம் புடி, வண்டில ஏத்தணும்."

பிடித்தார்கள். அவள் போனதும், பிணத்தைத் தொட்ட தீட்டுக்கு ஆஸ்பத்திரிக் குழாயடியில் வரிசையாகக் குளித்தார்கள். காலையில் அதே காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது யாருக்கும் தீட்டு ஒட்டவில்லை.